பன்னிரண்டு மணிக்குக் குதித்த ஊசி

எனக்குக் கல்யாணமாகி ஏழாவது மாதம் அது. பினாங்கில், டத்தோ கிராமாட்டில் குடியிருந்தோம். என் கணவர் நில அளவை அலுவலகத்தில் கிராணி, அதாவது குமாஸ்தா. ஒரு நாள் வேலையிலிருந்து வந்தவர் சட்டையைக்கூடக் கழற்றாமல் சொன்னார்:

"பூமியை அளக்கிற துரை ஒருத்தர் கப்பல்ல வந்திருக்காரு. அவர் சொல்ற எண்ணை எழுத என்னை அனுப்புறாங்க. ஒரு மாசம்."

"நீங்க தினமும் பூமியைத்தானே அளக்குறீங்க?"

"நாங்க அளக்கிறது நிலத்தை. இவரு அளக்கிறது காந்தத்தை. பூமியே ஒரு பெரிய காந்தம்லா. அதோட பலம் காலையில ஒண்ணு, மத்தியானம் ஒண்ணுன்னு மாறுதாம்."

பட்டணத்தில் மின்சார டிராம் ஓடுவதால் கருவி அங்கே சரியாகக் காட்டாதாம். ஆகவே கடலுக்கு அக்கரையில், பட்டர்வொர்த்துக்கு அருகே ஒரு தென்னந்தோப்பில் குடிசை போட்டார்கள். மூங்கில், பிரம்பு, அத்தாப்பு ஓலை, அவ்வளவுதான். ஓர் ஆணிகூட அடிக்கவில்லை. பக்கத்தில் இரும்பு இருந்தால் கருவி பொய் சொல்லும்.

அவர் விடிந்ததும் முதல் படகில் போய்விடுவார். கடைச் சாப்பாடு அவர் வயிற்றுக்கு ஒத்துக்கொள்ளாது. அதனால் நான் சமைத்து முடித்து, பதினொரு மணிப் படகில் சாப்பாடு கொண்டுபோவேன். மாமியார் ஊரில் இருந்தார்; வேண்டாமென்று சொல்ல வீட்டில் யாருமில்லை. படகின் ஓரத்தில் நின்று, காற்றில் பறக்கும் முந்தானையைப் பிடித்துக்கொண்டு, காரணமே இல்லாமல் சிரித்துக்கொண்டிருப்பேன். அந்தக் கால் மணி நேரத்துக்காகவே காலையில் வேகவேகமாக அம்மியில் அரைத்தேன்.

துரை ஒல்லியான மனிதர். குடிசைக்குள் பட்டு நூலில் ஒரு சின்னக் காந்தம் தொங்கியது. அதைக் கருவியின் ஊசி என்பார் என் கணவர். துரை தொலைநோக்கி வழியாக அதன் அசைவைப் பார்த்து எண்ணைச் சொல்வார், இவர் நேரம் போட்டு எழுதுவார். நான் சாப்பாட்டைக் குடிசையின் பின்பக்கம், ஓலைச் சுவரை ஒட்டி, நிழலில் வைத்துவிட்டுத் தென்னை மரத்தடியில் உட்கார்ந்திருப்பேன்.

இரண்டாம் வாரம் என் கணவர் முகம் வாடி வீட்டுக்கு வந்தார்.

"தினமும் பன்னிரண்டு மணி வாக்கில ஊசி திடீர்னு குதிக்குது. பூமியோட பலம் மெதுவாத்தான் ஏறி இறங்கணுமாம். இப்படிக் குதிக்கக் கூடாதாம். துரை சரியாச் சாப்பிடுறதுகூட இல்லை."

பக்கத்திலிருந்த பிறை ஸ்டேஷனுக்கு வரும் ரயிலாக இருக்குமோ என்று சந்தேகப்பட்டார்கள். காய் பறிப்பவர்களின் கத்திகளைத் தோப்புக்கு வெளியே வைக்கச் சொன்னார்கள். என் கணவரின் சப்பாத்தில் ஆணி இருந்ததால் வெறுங்காலோடு நின்றார். துரை தம் இடைவாரை அவிழ்த்தெறிந்துவிட்டுக் கால்சட்டையைத் தேங்காய்நார்க் கயிற்றால் கட்டிக்கொண்டிருந்தார். நான் மரத்துக்குப் பின்னால் போய்ச் சிரித்துவிட்டு வந்தேன். ஊசி மட்டும் குதிப்பதை நிறுத்தவில்லை.

பிறகு ஒரு நாள் கடுமழை. படகு தாமதமாகி, நான் தோப்புக்குப் போகும்போது மணி ஒன்றாகிவிட்டது. அன்று மாலை வீட்டில் காப்பி குடித்துக்கொண்டே அவர் சொன்னார்: "இன்னிக்கு அதிசயம். ஒரு மணிக்குத்தான் குதிச்சுது."

அடுப்படியில் கவிழ்த்திருந்த என் டிபன் கேரியரைத் திரும்பிப் பார்த்தேன். வெள்ளை எனாமலில் சிவப்புப் பூப்போட்டது. அடித்தட்டில் எனாமல் உதிர்ந்த இடத்தில் துரு தெரிந்தது.

"என்னங்க... நான்தான் ஒரு மணிக்கு வந்தேன்."

அவர் குவளையைக் கீழே வைத்தார். இருவரும் கேரியரையே பார்த்தோம்.

மறுநாள் நான் குடிசையை விட்டு இருபது அடி தள்ளியே நின்றுகொண்டேன். மணி பன்னிரண்டரை ஆகியும் ஊசி குதிக்கவில்லை. என் கணவர் துரையிடம் இங்கிலீஷில் ஏதோ சொல்ல, அவர் தொலைநோக்கியில் கண்ணை வைத்தபடி கையை ஆட்டினார். நான் கேரியரோடு மெல்ல நடந்து போய், வழக்கமான இடத்தில் வைத்தேன். உள்ளேயிருந்து ஒரு கூச்சல். எடுத்தேன். மறுபடி ஒரு கூச்சல். ஏழெட்டு முறை இப்படி வைத்து வைத்து எடுத்தேன். கடைசியில் துரை வெளியே ஓடிவந்து, "பாகுஸ்! பாகுஸ்!" என்று மலாயில் பாராட்டினார். கயிறு அவிழாதபடி ஒரு கை கால்சட்டையைப் பிடித்திருந்தது.

அத்தனை நாள் உழைப்பையும் கெடுத்துவிட்டேனே என்று எனக்கு அழுகை வந்தது. ஆனால் கெடவில்லை. ஊசி ஒவ்வொரு முறையும் ஒரே அளவுதான் குதித்திருந்தது. எத்தனை மணிக்குக் குதித்தது, எத்தனை மணிக்குத் திரும்பியது என்று என் கணவர் ஒன்று விடாமல் எழுதியிருந்தார். அந்த அளவைக் கழித்துவிட்டு மிச்சத்தைக் கட்டம் போட்ட தாளில் கோடாக வரைந்தார் துரை. காலையில் தாழ்வாகத் தொடங்கி, மெல்ல மெல்ல ஏறி, உச்சி வேளையை ஒட்டி வட்டமாகத் திரண்டு, சாயங்காலம் வரை வழுக்கி இறங்கியது கோடு. எங்கள் பினாங்கு மலையைத் தூரத்திலிருந்து பார்த்த மாதிரியே இருந்தது. இதைத் தேடித்தான் கப்பலேறி வந்தாராம்.

அதன் பிறகு சாப்பாடு வாழையிலைப் பொட்டலத்தில் போனது, துரைக்கும் சேர்த்து.

மிச்ச நாட்களுக்கு என்னையே எழுதச் சொன்னார் துரை. "மேம் உடம்பில் இரும்பு இல்லை," என்றாராம். தாலி தங்கம், வளையல் கண்ணாடி. கொண்டை ஊசிகளை மட்டும் உருவி வெளியே வைத்துவிட்டு, கூந்தலை முடிந்துகொண்டு உட்கார்ந்தேன். கான்வென்டில் ஆறாவது வரை படித்தவள்தானே, எண் எழுத வராதா? இவர் நேரம் பார்த்துச் சொன்னார். ஒரு தடவை துரை எழுந்து தொலைநோக்கியை எனக்குக் காட்டினார். அளவுகோலின் மெல்லிய கோடுகள் உற்றுப் பார்த்தால் மட்டுமே தெரிகிற அளவு மெதுவாக நகர்ந்துகொண்டிருந்தன. குடிசையில் காற்றே இல்லை. எங்கள் மூவரில் யாரும் அசையவில்லை. "பூமிதான்லா அது," என்று என் காதருகே கிசுகிசுத்தார் என் கணவர்.

துரை ஊருக்குப் போய்ப் பல மாதங்கள் கழித்துத் தபாலில் ஓர் அச்சிட்ட தாள் வந்தது. பக்கம் முழுவதும் எண்கள். காலை வேளை, பாலை அடுப்பில் ஏற்றிவிட்டு இருவரும் தரையில் உட்கார்ந்து விரல் வைத்துப் படித்தோம். "இது நீ எழுதினது... இதுவும் நீ எழுதினது," என்று அவர் சொல்லிக்கொண்டே வந்தார். பால் பொங்கி வழிந்து அடுப்பே அணைந்துவிட்டது. நாங்கள் எழுந்திருக்கவில்லை.