சுவருக்குள் இருந்த ஷூ

இங்கிலாந்தின் சஃபோக் பகுதியில், எங்கள் கிராமத்தில் சர்ச்சுக்கு எதிரே, மரச்சட்டங்களுக்கு நடுவே மண் பூசிக் கட்டிய மாடியுள்ள பழைய கூரைவீட்டில் தையல்காரி ஹெஸ்டர் பட்னி தனியாக வாழ்ந்தாள். ஒரு வசந்த காலத்தில் குளிர்காயும் கணப்பை ஒட்டிய சுவர் பெயர்ந்தது. பூச வந்த கொத்தனார், உள்ளேயிருந்து ஒரு குழந்தையின் ஒற்றைத் தோல் ஷூவை எடுத்தார். கெட்டது அண்டாமலிருக்க அந்தக் காலத்தில் யாரோ வைத்து மூடியது.

“உள்ளயே வெச்சுப் பூசிடறேம்மா.”

“வேண்டாம். பாவம், எத்தனை காலமா இருட்டுல கிடந்துச்சோ! ஜன்னல்ல வைங்க.”

மறுநாள் மதியம் மாடியில் யாரோ நடக்கும் சத்தம் கேட்டது. ஒரு காலில் ஷூ, மறுகால் வெறுங்கால். தேநீர் குடிக்க வந்திருந்த பக்கத்து வீட்டு ஐவி துள்ளி எழுந்தாள்.

“அடியே, அதைச் சுவத்துல போட்டு மூடுடி! பைத்தியமா உனக்கு?”

“குழந்தைடி அது. எப்படி மூடச் சொல்றே?”

அன்றே ஹெஸ்டர் தன் கட்டிலைக் கீழே இறக்கிக்கொண்டு, மாடியை அதற்கே விட்டுவிட்டாள். சாகும்வரை அப்படியே இருந்தாள்.

அவளை அடக்கம் செய்துவிட்டு நாங்கள் வீட்டைப் பூட்டப் போனோம். அந்தக் காலடிச் சத்தம் முதன்முறையாகப் படியிறங்கி வந்து, அவளுடைய காலிக் கட்டிலருகே நின்றது.