பொட்டு வைத்த அனுமதி அட்டை

என் இடது கன்னத்தில், கண்ணுக்குச் சற்றுக் கீழே, புளியங்கொட்டை அளவில் ஒரு கறுத்த மறு இருக்கிறது. நெற்றியில் ஒன்றும் இல்லை. உடுவிலில் நாங்கள் நாலு தலைமுறையாக வேதக்காரர், கிறிஸ்தவர்கள். பொட்டு வைக்கும் தோழிகள் எனக்கு நிறைய உண்டு, அவர்களுக்கு அது வடிவாகத்தான் இருக்கிறது. எங்கள் வீட்டில் அந்தப் பழக்கமில்லை, அவ்வளவுதான். பள்ளிக்கூடத்தில் என்னைப் 'புளியங்கொட்டை' என்று கூப்பிட்டார்கள். அழுதுகொண்டு வீட்டுக்கு வந்தால் அம்மா முகத்தைக் கழுவித் துடைத்து, அந்த மறுவில் கொஞ்சி, "இது ஆண்டவர் என்ரை பிள்ளையைத் தொட்ட இடம்" என்பார். நானும் அதை நம்பித்தான் வளர்ந்தேன்.

இந்த முகத்தை வைத்துக்கொண்டு அரசாங்கப் பரீட்சைக்கு விண்ணப்பித்தேன். பரீட்சை மண்டபத்தில் இது என் முகமில்லை என்றார்கள். எழுத உட்கார்ந்தால் இப்போதும் பற்றிக்கொண்டு வருகிறது.

ஒன்பது வருடமாக நான் தொண்டர் ஆசிரியை. மற்ற ஆசிரியர்கள் செய்யும் வேலை எல்லாம் செய்யலாம். இடாப்பைத் திறந்து பிள்ளைகளின் பெயர் கூப்பிடலாம், வினாத்தாள் திருத்தலாம், விளையாட்டுப் போட்டியன்று வெயிலில் கோடு கீறலாம். நியமனக் கடிதம் மட்டும் கிடையாது. பட்டதாரிகளை ஆசிரியர்களாக எடுக்கும் போட்டிப் பரீட்சை எப்போதாவதுதான் வரும். இரண்டு முறை எழுதி இரண்டு முறையும் தவறிவிட்டது. இந்த முறை அறிவித்தல் வந்தபோது முதலில் பாடத்திட்டத்தைப் பார்க்கவில்லை, வயதெல்லையைத்தான் பார்த்தேன். முடிவுத் தேதியன்று முப்பத்தைந்து வயதுக்கு மேற்படாதவராக இருக்க வேண்டும். எனக்கு முப்பத்தைந்து முடிய அதற்குப் பிறகு பத்தொன்பது நாள் இருந்தது. இதை விட்டால் இனி இல்லை.

விண்ணப்பம் இணையத்தில் மட்டும். முன்பென்றால் படத்தைப் பசை போட்டு ஒட்டி, கையெழுத்து வைத்து, பதிவுத் தபாலில் போட்டுவிட்டு வந்து படுக்கலாம். இப்போது படத்துக்கு ஒரு சட்டம், கையெழுத்துக்கு ஒரு சட்டம். பின்னணி வெள்ளையாக இருக்க வேண்டும், இரண்டு காதும் தெரிய வேண்டும், நிழல் விழக்கூடாது. கையெழுத்து வெள்ளைத் தாளில் கறுப்புப் பேனையால் இருக்க வேண்டும். இரண்டும் இத்தனை கிலோபைட்டுக்கு மேலும் போகக்கூடாது, இத்தனைக்குக் கீழும் போகக்கூடாது. மனிதரின் முகத்தை நிறுத்து வாங்குகிறார்கள் என்று சொல்லிச் சிரிக்கத்தான் பார்த்தேன்.

மூன்று பின்னேரம் வீட்டில் முயன்றேன். எங்கள் சுவர் இளம்பச்சை. அம்மா கட்டில் விரிப்பை இஸ்திரி போட்டு யன்னல் கம்பியில் கட்டித் தொங்கவிட, நான் அதன் முன்னால் கதிரை போட்டு இருந்தேன். படத்தில் விரிப்பின் மடிப்புகள் என் தலைக்குப் பின்னால் ஏணி மாதிரி விழுந்தன. ஏற்றினால் அளவு கூட என்றது. குறைத்தால் தெளிவில்லை என்றது. அந்தத் தளத்தில் தமிழைத் தெரிவு செய்தால் தலைப்புகள் மட்டும் தமிழில் வரும். பிழை சொல்லித் திட்டுவதெல்லாம் சிங்களத்திலும் ஆங்கிலத்திலும்தான். கையெழுத்துச் சதுரத்திலும் இதே பாடு. பதினாறு வயதில் அடையாள அட்டைக்குப் போட்டுப் பழகிய கையெழுத்து என்னுடையது. தமிழில் எழுதி, கடைசி எழுத்திலிருந்து பேனையை எடுக்காமல் இடப்பக்கம் வரைக்கும் கீழே ஒரு கோடு இழுப்பேன். அந்தக் கோடு சதுரத்துக்குள் அடங்க மாட்டேன் என்றது.

முடிவு நாளன்று காலை, அரைநாள் லீவு போட்டுவிட்டுச் சுன்னாகம் போகும் வழியிலுள்ள ஸ்ரூடியோவுக்குப் போனேன். என் அடையாள அட்டைப் படமும் பட்டமளிப்புப் படமும் எடுத்தவர் அந்த அண்ணைதான். அறுபது வயதிருக்கும். முன்கண்ணாடி முழுக்க மணப்பெண்கள். அவருடைய தொழிலே கனடாவுக்கும் லண்டனுக்கும் போகிற சம்பந்தப் படங்களில்தான் ஓடுகிறது. எந்தக் குமர்ப்பிள்ளை வந்து கதிரையில் இருந்தாலும் அவருக்கு அது மாப்பிள்ளை வீட்டார் பார்க்கப் போகும் முகம். எனக்கு அது அப்போது உறைக்கவில்லை.

படம் எடுத்தார். கையெழுத்தை வாங்கி ஸ்கான் செய்தார். விபரம் எல்லாவற்றையும் நானே நிரப்பி முடித்தேன். படம் ஏற்றுகிற பக்கத்துக்கு வந்ததும் தளம் சுற்றத் தொடங்கியது. ஒரு மணித்தியாலம் சுற்றிக்கொண்டே இருந்தது.

"நீங்கள் பள்ளிக்கூடத்துக்குப் போங்கோ தங்கச்சி. உது மத்தியானத்துக்குப் பிறகுதான் விடும். நான் பாத்துப் போட்டுவிடுறன்."

கடவுச்சொல்லைத் துண்டில் எழுதிக் கொடுத்துவிட்டு வந்தேன். சொந்த வீட்டைப் பூட்டித் திறப்பைக் கொடுத்துவிட்டு வருவது மாதிரித்தான், ஆனால் இங்கே எல்லோரும் அப்படித்தான் செய்கிறார்கள். மூன்று மணிக்குப் 'போட்டாச்சு தங்கச்சி' என்று தகவல் வந்தது. அடுத்த நாள் அச்சடித்துத் தந்த பிரதியில் மை தீர்ந்துபோய், என் படம் இருந்த இடத்தில் ஒரு கறுப்புப் பூச்சுத்தான் தெரிந்தது. பதிவு இலக்கம் இருந்தது, அது போதும் என்று மடித்து வைத்தேன்.

இரண்டு மாதம் கழித்து அனுமதி அட்டையைப் போனில் இறக்கினேன். வேறு யாருடையதையோ திறந்துவிட்டேன் என்று நினைத்து மூடினேன். திரும்பத் திறந்தேன். என் பெயர், என் இலக்கம். படத்தில் மைதா மாப் பூசியது போல வெளுத்த ஒரு பெண். கன்னத்தில் மறு இல்லை. நெற்றி நடுவில் வட்டமாக ஒரு சிவப்புப் பொட்டு. பக்கத்திலிருந்த கையெழுத்தில் என் கோட்டைக் காணவில்லை. ஸ்ரூடியோ அண்ணை அடியோடு வெட்டி எடுத்திருந்தார்.

அன்று பின்னேரமே போய் அட்டையை அவர் மேசையில் போட்டேன்.

"இது ஆர் அண்ணை?"

கண்ணாடியைப் போட்டுப் பார்த்தார். "வடிவாத்தானே வந்திருக்கு."

"நான் பொட்டு வைக்கிறனானோ? எங்கடை வீட்டிலை ஆராவது பொட்டு வைச்சு நீங்கள் படம் எடுத்திருக்கிறியளோ?"

"நெத்தி வெறுமையாக் கிடந்தது தங்கச்சி. கலியாணம் கட்டாத பிள்ளை, வெறும் நெத்தியோடை இருந்தால் பாக்கிறவை என்ன நினைப்பினம்? கை தன்பாட்டிலை வைச்சிட்டுது."

"மறு? அதுவும் கை தன்பாட்டிலை எடுத்ததோ?"

"சொன்னதைத்தான் செய்தனான்," என்று முணுமுணுத்துவிட்டுக் கணினிப் பக்கம் திரும்பிக்கொண்டார். நான் ஒரு சொல்லும் சொல்லவில்லையே என்று கத்தினேன். பிழை பிடிபட்டதும் வாய்க்கு வந்ததைச் சொல்கிறார் என்று நினைத்தேன். கோபத்தில் காது அடைத்துவிடுகிறது.

பரீட்சைத் திணைக்களத்துக்கு நாலு நாள் போன் அடித்தேன். ஐந்தாம் நாள் ஒருவர் எடுத்து, "இனிப் படம் மாத்தேலாது, மண்டபத்திலை சொல்லிப் பாருங்கோ" என்று வைத்துவிட்டார். அட்டையில் அத்தாட்சிக் கையெழுத்துக்குப் போன இடத்தில் சமாதான நீதவான் என்னைப் பிறந்த நாளிலிருந்து தெரிந்தவர். படத்தைப் பார்க்கவே இல்லை, முத்திரையைக் குத்தித் தந்தார். அம்மாவுக்கு நான் எதையும் காட்டவில்லை. தன் பிள்ளையின் நெற்றியில் பொட்டைக் கண்டால் அவருக்கு நெஞ்சு வலிக்கும் என்று பயந்தேன். அவரைப் பற்றிக் கவலைப்பட்டேன், கேளுங்கள்.

பரீட்சை தெல்லிப்பழைப் பக்கம் ஒரு பள்ளிக்கூடத்தில். மற்றவர்களுக்கு வினாத்தாள் கொடுக்கத் தொடங்கியிருந்தார்கள். மேற்பார்வையாளராக வந்த பெண்மணி என் அனுமதி அட்டையையும் அடையாள அட்டையையும் என் முகத்தையும் மாறி மாறிப் பார்த்தார். என்னை எழுப்பி முன் மேசைக்குக் கூட்டிக்கொண்டு போனார். நடந்ததைச் சொன்னேன். அவர் கெட்டவரில்லை. கெட்டவராக இருந்திருந்தால் எனக்குச் சுகமாக இருந்திருக்கும், திட்டியாவது தீர்த்திருப்பேன்.

"நீங்கள் சொல்லுறது உண்மையா இருக்கலாம் பிள்ளை. ஆனால் ஆள்மாறாட்டம் எண்டு வந்தால் நான்தானே பதில் சொல்லவேணும். கையெழுத்தைப் போட்டுக் காட்டுங்கோ."

போட்டேன். அட்டையோடு வைத்துப் பார்த்தார். "இதிலை கீழை கோடு இல்லையே."

இன்னொருமுறை போட்டேன். பத்தொன்பது வருடப் பழக்கம். கை தானாக இழுத்துவிட்டது. மண்டபத்தில் பேனைகள் ஓடும் சத்தம் கேட்டது. என் வினாத்தாள் என் மேசையில் குப்புறக் கிடந்தது. மூன்றாம் முறை இடக்கையால் வலக்கையைப் பிடித்துக்கொண்டு, ஸ்ரூடியோக்காரர் வெட்டிய இடத்திலேயே நானும் வெட்டிக்கொண்டேன். என் கையெழுத்தை நானே கள்ளமாகப் போட்டேன். அதுதான் சரியென்றார்.

"முகந்தான் பிடிபடேல்லை," என்றார். "உங்களிட்டைப் பொட்டு ஒண்டும் இல்லையோ?"

முன்வரிசையில் எழுதிக்கொண்டிருந்த பெண் கேட்டுவிட்டு, கைப்பையிலிருந்து ஒட்டுப்பொட்டு அட்டையை எடுத்து நீட்டினாள். நல்ல மனதோடுதான் நீட்டினாள். ஒன்றை உரித்து ஒட்டிக்கொண்டேன்.

மேற்பார்வையாளர் அட்டையை என் முகத்துக்குப் பக்கத்தில் பிடித்தார். தலையைச் சரித்துப் பார்த்தார்.

"அந்தக் கன்னத்தை ஒருக்காக் கையாலை மறையுங்கோ பிள்ளை."

மறைத்தேன். நூறு பேர் இருந்த மண்டபத்தில், என் மறுவை என் உள்ளங்கையால் மூடிக்கொண்டு நின்றேன்.

"ஓம்," என்றார். "இப்ப ஆள் தெரியுது. போய் எழுதுங்கோ."

அரை மணித்தியாலம் போய்விட்டது. கூட நேரம் தரச் சட்டமில்லை. ஆத்திரத்தில் முதல் பக்கத்தின் எழுத்துகள் ஒன்றன்மேல் ஒன்று ஏறி நின்றன. தெரிந்த கேள்விகள்தான். கடைசி இரண்டையும் தொட முடியவில்லை. தாளைக் கொடுத்துவிட்டு, யாரோடும் கதைக்காமல் பஸ் ஏறினேன்.

வீட்டுப் படலையைத் திறந்ததும் அம்மா ஓடி வந்தார். பரீட்சை எப்படி என்று கேட்க வந்தவர் பாதியில் நின்றார்.

"என்ன பிள்ளை நெத்தியிலை? ஆர் உதை வைச்சது?"

அப்போதுதான் அது இன்னும் அங்கே இருப்பது நினைவுக்கு வந்தது. "கழட்டு முதலிலை. சபையிலை ஆரும் கண்டால் என்ன சொல்லுவினம்?" என்று அவர் பதற, இத்தனை நாளாக அடக்கியதெல்லாம் வெளியே வந்தது. அனுமதி அட்டையை எடுத்து அவர் கையில் திணித்தேன். கோட்டை வெட்டியது, கன்னத்தைப் பொத்தச் சொன்னது, தொடாமல் விட்ட இரண்டு கேள்வி, எல்லாம் முற்றத்தில் நின்றபடியே சத்தம் போட்டுச் சொன்னேன். அந்த மனிசனை நான் சும்மா விடப் போவதில்லை என்றேன்.

அம்மா படத்தை வெகுநேரம் பார்த்தார். பிறகு படியில் இருந்துவிட்டார்.

"பொட்டு வைக்கச் சொல்லி நான் சொல்லேல்லைப் பிள்ளை. சத்தியமாச் சொல்லேல்லை."

"நீங்கள் என்னத்துக்குச் சொல்லப் போறியள்?"

"மறுவைத்தான் எடுக்கச் சொன்னனான்."

அட்டையை அவர் கையிலிருந்து திரும்ப வாங்கினேன்.

"நீ படம் எடுத்திட்டுப் பள்ளிக்கூடத்துக்குப் போனாப் பிறகு ஸ்ரூடியோவுக்குப் போன் பண்ணினனான். கனடாவிலை பெரியம்மா உனக்கு ஒரு கலியாண இடம் பாக்கிறா. நல்ல வேதக்காரச் சனம். உனக்குச் சொன்னால் படம் எடுக்க மாட்டன் எண்டுவாய். இதையே அவவின்ரை போனுக்கும் அனுப்பிவிடட்டும் எண்டு… அந்த ஒரு மறுவை மட்டும் கொஞ்சம் எண்டு…"

"ஆண்டவர் தொட்ட இடம் எண்டனீங்கள்," என்றேன்.

அம்மா அழத் தொடங்கினார். நான் தேற்றவில்லை. பொட்டை உரித்துப் படியில் அவர் பக்கத்திலேயே ஒட்டிவிட்டு உள்ளே போனேன். அன்று செய்தது சரி என்றே இன்றைக்கும் நினைக்கிறேன்.

முப்பத்தைந்து முடிந்துவிட்டது. பரீட்சை முடிவு இன்னும் வரவில்லை. கனடாவிலிருந்து பதில் வந்துவிட்டது. பிள்ளை நல்ல வடிவாம். பொட்டை மட்டும் எடுத்துவிட்டு இன்னொரு படம் அனுப்பட்டாம்.