ஜுரத்தோடு ஒரு ஜன்னல் சீட்

ஜெயக்கொடியக்காவைச் செங்கல்பட்டில் ஸ்ட்ரெச்சரில் வைத்து ரயிலிலிருந்து இறக்கினார்களாம். பால் பூத்தில் தனக்கோடி சொன்னார். அவருக்கு மைத்துனர் சொன்னாராம். துபாயிலிருந்து லீவில் வந்திருந்த நான் பதறிக்கொண்டு தாம்பரத்தை ஒட்டிய இரும்புலியூருக்கு ஓடினால், அக்கா ஒயர் கூடையில் துணி அடுக்கிக்கொண்டிருந்தார்.

"ஸ்ட்ரெச்சரா? தூங்கிட்டேன்பா. டிடிஆர் எழுப்பினான், எழுந்துக்கல. அந்தாளு பயந்துட்டான். அதுக்கு இன்னா கதை கட்டிக்கினு கீறானுங்க பாரு."

சானடோரியம் ஸ்டேஷன் வாசலில் அவித்த வேர்க்கடலை விற்கிறவர் அக்கா. கணவர் தசரதன் வாட்ச்மேன், லீவு கிடைக்காது. கல்யாணமோ கருமாதியோ, எந்த ஊரானாலும் அக்காதான் தனியாகப் போய்வருவார். ரிசர்வேஷன் என்றாலே எரிச்சல். "உக்கார்றதுக்கு ஒரு காசு, உக்காரப் போறேன்னு முன்னாடியே சொல்றதுக்கு ஒரு காசா?"

தெற்கே போகிற ரயில் தாம்பரம் வரும்போது பெட்டியில் கால்வைக்க இடமிருக்காது. ஆகவே அக்கா மின்சார ரயிலேறி வடக்கே எழும்பூருக்குப் போவார். அங்கே காலிப் பெட்டியின் ஜன்னல் வழியாகத் துண்டைப் போட்டு இடம்பிடித்து, வந்த வழியே தாம்பரத்துக்குத் திரும்புவார். பிளாட்பாரத்தில் முண்டியடிக்கும் எங்களூர்க்காரர்களைப் பார்த்து மந்திரி மாதிரி கையசைப்பார்.

உடம்புக்கு முடியாத நாட்களுக்கென்று சில வழிமுறைகள் உண்டு. ஹார்லிக்ஸ் பாட்டிலில் சீரகத் தண்ணீர், முந்தானை முடிச்சில் மாத்திரை, முகர்ந்துபார்க்க ஒரு எலுமிச்சம்பழம். உட்காருவது எப்போதும் கைக்குழந்தைக்காரி பக்கத்தில். "அவ தூங்க மாட்டா. என் கூடையையும் சேத்துப் பாத்துப்பா."

அன்று அக்காவின் நெற்றியைத் தொட்டேன். கொதித்தது.

"டாக்ஸி வைக்கிறேன் அக்கா."

"விருத்தாசலத்துக்கு டாக்ஸியா? எம்பொண்ணு வளைகாப்புக்கே அவ்ளோ ஆவல."

அங்கே வாழ்க்கைப்பட்ட மகள் சாமுண்டீஸ்வரிக்கு மறுநாளோடு ஒன்பதாம் மாதம் முடிகிறது. அதற்குள் தாய் நேரில் போய் அழைத்தால்தான் தலைப்பிரசவத்துக்கு அனுப்புவார்கள். பத்தாம் மாதம் பிறந்துவிட்டால் வாசல் தாண்ட விடமாட்டார்கள்.

"ஜுரம்னு சம்பந்தியம்மாகிட்ட ஒரு வார்த்தை சொல்லிடலாமே?"

"சொன்னா அவ்ளோதான். 'உங்களுக்கே முடியல, அவள யாரு பாத்துப்பா'ன்னு அந்தம்மா நிறுத்திடும். பிளேன்ல வர்றவன் நீ, பாசஞ்சர்ல போறவளுக்கு வழி சொல்றியா?"

"ஸ்ட்ரெச்சர் கதை அங்கேயும் போயிருந்தா?"

அக்கா கூடையை எடுத்துக்கொண்டு நடந்தார். தாம்பரம் ஸ்டேஷன் எதிரே எஸ்.டி.டி. பூத்துக்குள் நுழைந்து சுவரில் சாய்ந்துகொண்டார். மூச்சு வாங்கியது.

"நம்பரைப் போடு தம்பி. கெளம்பிட்டேன், பொண்ண ரெடியா வெச்சிருங்கன்னு நானே சொல்றேன்."

சுழற்றிக் கொடுத்தேன். அந்தப் பக்கம் மணி அடிப்பது எனக்கும் கேட்டது.

"வீட்ல இல்லியோ? ஏதாவது தெரிஞ்சுபோய்…"

"கம்முனு இரு. கொல்லப்பக்கம் இருப்பாங்க. வருவாங்க."

மணி அடித்துக்கொண்டேயிருந்தது. அக்கா சுவரை விட்டு நிமிர்ந்தார். தொண்டையைக் கனைத்துச் சரிசெய்தார். பூத்தின் கண்ணாடிக் கதவில் தன் முகத்தைப் பார்த்து, வேர்வையில் வழிந்திருந்த குங்குமத்தை விரலால் வட்டமாக்கினார். பிறகு, எதிரில் சம்பந்தியம்மாளே நிற்பதுபோல, வாய் நிறையச் சிரித்துக்கொண்டு ரிசீவரைக் காதோடு அழுத்திப் பிடித்தார்.