திருவிழாக் கூட்டத்தைப் பார்த்து வைத்த இலக்கு

எனக்குக் கோபம் வரும் என்று எங்கள் சொந்தக்காரர் எல்லோருக்கும் தெரியும். ஏன் வருகிறது என்று மட்டும் ஒருவரும் கேட்பதில்லை. கேட்டால் என் அண்ணையில்தான் தொடங்குவேன்.

யாழ்ப்பாணத்துத் திருநெல்வேலியில், பலாலி வீதியிலிருந்து உள்ளே போகிற ஓர் ஒழுங்கையில் நானும் என் கணவரும் சைவச் சாப்பாட்டுக் கடை ஒன்று நடத்துகிறோம். சமையல் என்னுடையது, காசு வாங்குவது அவருடையது. மரக்கறி வெட்டவும் கழுவவும் ஓர் அக்கா வருவார். கட்டடம் கனடாவில் இருக்கிற என் அண்ணையுடையது. வாடகை வாங்குவதில்லை. வாங்குவதில்லை என்பதை எங்களுக்கு நினைவூட்டாமலும் அவர் இருந்ததில்லை.

எங்களிடம் சாப்பிடுகிறவர்கள் அறை எடுத்துத் தங்கிப் பல்கலைக்கழகத்தில் படிக்கிற கம்பஸ் பிள்ளைகளும், பக்கத்துக் கந்தோர்களில் வேலை செய்கிற சிலரும்தான். சாதாரண நாளில் எழுபது, எண்பது சாப்பாடு போகும். பின்னேரம் இரண்டு மணிக்குப் பானை கழுவிக் கவிழ்த்துவிடுவோம். இதில் என்ன குறை? எனக்கு ஒரு குறையும் தெரியவில்லை. அண்ணைக்குத் தெரிந்தது.

அவர் வந்தது நல்லூர்த் திருவிழாவுக்கு. கொடி ஏறினால் இங்கே பாதிச் சனம் மீனையும் இறைச்சியையும் தொடாது. மீன்சட்டியை எடுத்துப் பரணில் வைத்துவிடும். வெளிநாட்டில் இருப்பவர்களும் குடும்பத்தோடு வந்து இறங்குவார்கள். ஆகவே சைவக்கடை என்று பெயர் இருந்தால் போதும், நிற்க இடம் இராது. எங்கள் கடையிலும் சோற்றுக் கோப்பையைக் கையில் ஏந்திக்கொண்டு நின்றபடியே சாப்பிட்டார்கள். அண்ணை வாசலில் நின்று வாயெல்லாம் பல்லாகப் பார்த்துக்கொண்டிருந்தார். அன்று பின்னேரமே எங்கள் இரண்டு பேரையும் கூப்பிட்டு இருத்தினார்.

"தங்கச்சி, உன்ரை கடையின்ரை பெறுமதி உனக்கே தெரியேல்லை. இலக்கு இல்லாமல் யாவாரம் செய்யிறியள். இனி நாளுக்கு முந்நூறு சாப்பாடு. தைப்பொங்கலுக்கிடையிலை அது நிலைச்சு நிக்கவேணும்."

"நிக்காட்டில்?"

"போன் விக்கிற ஆள் ஒருத்தர் இந்த இடத்தை வாடகைக்குக் கேக்கிறார். குடுக்க வேண்டித்தான் வரும்."

அந்தக் கடை போனால் எங்களுக்கு வேறு வருமானம் இல்லை. "அண்ணை, இது திருவிழாச் சனம். கொடி இறங்கினால் போயிடும்" என்றேன்.

"நீ எப்பவும் சின்னனாத்தான் யோசிக்கிறாய்."

என் கணவரைப் பார்த்தேன். "அவர் உலகம் பாத்த மனுசன். சொன்னால் ஒரு விசயம் இருக்கும்" என்றார். உலகம் பார்த்தவருக்கு எங்கள் ஒழுங்கையைப் பார்க்கத் தெரியவில்லையே என்று நினைத்தேன்.

இதில் எனக்கு இன்றும் ஆறாதது ஒன்று உண்டு. திருவிழா முடிந்து அடுத்த நாள் விடியவே சந்தைக்குப் போய்ப் பெரிய நண்டுகளாக வாங்கிக்கொண்டு எங்கள் வீட்டுக்கு வந்து நின்றவர் வேறு யாருமில்லை, இதே அண்ணைதான்.

"முருங்கையிலை போட்டுக் குழம்பு வை பிள்ளை. இவ்வளவு நாளும் நாக்குச் செத்துப்போச்சு."

எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. "அண்ணை, நீங்களே நண்டு தின்ன ஓடி வந்திட்டியள். மற்றச் சனம் மட்டும் வருசம் முழுக்க என்ரை பருப்பும் கத்தரிக்காயும் தின்னுமோ?"

"அது வேறை, இது பிஸ்னஸ்" என்றார். பிறகு நண்டுக்கால் ஒன்றைக் கடித்துக்கொண்டு இன்னும் கொஞ்சம் குழம்பு கேட்டார். கோதாரி என்று வாய்க்குள் திட்டிக்கொண்டு ஊற்றினேன்.

அவர் கனடாவுக்குப் போய், சாமான் கிடங்கில் தன் வேலைக்குத் திரும்பிய கையோடு வட்ஸ்அப்பில் ஒரு குழுவைத் தொடங்கினார். அதில் அவர், நான், என் கணவர், மூன்று பேர்தான். ஒவ்வொரு நாளும் "இண்டைக்கு எத்தினை?" என்று கேள்வி வரும். கேள்வியோடு ஒரு வீடியோவும் வரும். கோட்டுப் போட்ட ஒருவர் மேடையில் அங்குமிங்கும் நடந்து, பெரிதாக நினை, பெரிதாக நினை என்று கத்துவார். அந்த மனிதர் வாழ்நாளில் ஒரு பானைச் சோறாவது வடித்திருப்பாரா?

என் கணவர் பெரிய பானைகள் வாங்கினார். முந்நூறு பேருக்குச் சமைத்தால் முந்நூறு பேர் வருவார்கள் என்பது அவர் நம்பிக்கை. வந்தவர்கள் எப்போதும் வருகிறவர்கள்தான். மிச்சச் சோற்றை ஒழுங்கையில் நிற்கிற மாடுகளுக்கு வைத்தோம். சில நாட்களில் மாடுகளுக்கும் எங்கள் சோறு அலுத்துவிட்டது. நெருப்புக்கு முன்னால் நின்று வேர்த்து வேர்த்துச் சமைத்ததை என் கையாலேயே கொட்டுகிற வயிற்றெரிச்சலை நான் யாரிடம் சொல்வது? அதற்குமேல் கம்பஸ் விடுமுறை வந்தது. பிள்ளைகள் பையைத் தூக்கிக்கொண்டு ஊர்களுக்குப் போய்விட்டார்கள். அப்போதும் கேள்வி வந்தது: "ஏன் குறைஞ்சது?"

ஒருநாள் குழம்பைக் கொட்டிவிட்டு வந்து அகப்பையைக் கீழே போட்டேன். "விரலுக்குத் தகுந்த வீக்கம்தான் வேணும். இனி நான் சொல்லுற கணக்குத்தான்" என்று கணவரிடம் சொன்னேன். அவர் பெரிய பானைகளைத் தூக்கிப் பரணில் வைத்தார்.

என் கணக்கு இதுதான். பொங்கலுக்கிடையில் நூறு சாப்பாடு, ஒரு பிடி சோறும் மிஞ்சக்கூடாது. நூறு என்று சும்மா வாயில் வந்ததைச் சொல்லவில்லை. எங்கள் ஒழுங்கையிலும் பக்கத்து ஒழுங்கையிலும் எந்தெந்த வீட்டில் பிள்ளைகள் தங்கியிருக்கிறார்கள் என்று எனக்குத் தெரியும். எனக்கும் அந்த அக்காவுக்கும் இருப்பது நாலு கை. அதற்குமேல் சமைத்தால் ருசி கெட்டுவிடும். விடுமுறை முடிந்ததும் நானே அந்த வீடுகளுக்குப் போனேன். "மத்தியானம் சாப்பாடு வேணுமெண்டால் காலமை பத்து மணிக்கிடையிலை சொல்லிப்போடுங்கோ. சொன்ன ஆளுக்குச் சாப்பாடு இல்லாமல் போகாது" என்றேன். முதலில் சிலர் சொன்னார்கள். பிறகு அவர்களுடைய சிநேகிதர்கள் சொன்னார்கள்.

பொங்கலுக்கு ஒரு கிழமை இருக்க நூறு வந்தது. இரண்டு மணிக்குப் பானையில் பருக்கை இல்லை. எனக்குக் கண் கலங்கிவிட்டது. குழுவில் "நூறு" என்று போட்டேன். வேறெதுவும் போடவில்லை. சந்தோசத்தில் போட்டேன்.

"மூண்டிலை ஒண்டு" என்று பதில் வந்தது. பின்னாலேயே அழைப்பும் வந்தது.

"நான் சொன்ன தவணை முடியுது, தங்கச்சி. போன்காரர் வாற கிழமை வருவார். கடையைப் பூட்டித் திறப்பைக் குடு."

"அண்ணை, திருவிழாவிலை வந்த சனத்தைப் பாத்துப்போட்டு வருசம் முழுக்க அப்பிடி வில் எண்டுறியள். நீங்கள் வேலை செய்யிற கிடங்கிலை ஒருத்தன் இப்பிடிச் சொன்னால் என்ன செய்வியள்?"



"அப்பிடித்தான் சொன்னவங்கள்" என்றார் அண்ணை. "மணித்தியாலத்துக்கு இவ்வளவு பெட்டி ஏத்தவேணும் எண்டு. இந்த முதுகோடை என்னாலை ஏலேல்லை. ஐப்பசியோடை வேலையாலை நிப்பாட்டிப்போட்டாங்கள். ஒருத்தருக்கும் சொல்லேல்லை."

பாவமாகத்தான் இருந்தது. கூடப்பிறந்தவர் அல்லவா! ஆனால் பாவத்தையும் மீறிக்கொண்டு கோபம்தான் வந்தது.

"உங்களுக்குச் செய்தது அநியாயம் எண்டு உங்களுக்கு விளங்கினது. விளங்கின பிறகும் அதையே பிடிச்சுக்கொண்டு என்ரை அடுப்படியிலை நிக்கிறியளோ?"

நான் அதோடு விடவில்லை.

"வேலை இல்லையெண்டால் இல்லையெண்டு சொல்லுங்கோ. வாடகை கேளுங்கோ, தாறன். திறப்புத் தரமாட்டன்."

மெல்லிய குரலில், "எவ்வளவு தருவாய்?" என்றார்.

நூறு சாப்பாட்டில் நான் கொடுக்கக்கூடிய தொகையைச் சொன்னேன்.

"அது என்ரை செலவுக்குக் காணாது, பிள்ளை."

"காணாதுதான் அண்ணை. ஆனால் மாசாமாசம் வரும்."