பீளமேட்டுக்கு உடைத்த தேங்காய்

போத்தனூரில் கிரைண்டர் பழுதுபார்க்கும் தமிழ்வேந்தனுக்கு உள்ளூர் ஹாக்கி அணிதான் உயிர். பீளமேட்டு அணி என்றால் வேப்பங்காய். பீளமேட்டிலிருந்து வரும் கிரைண்டரைக்கூடத் தொடமாட்டார். அப்பேர்ப்பட்டவர் தலையில் அன்று இடி விழுந்தது. கடைசி லீக் ஆட்டத்தில் சூலூரைப் பீளமேடு வென்றால்தான் போத்தனூர் அரையிறுதிக்குள் நுழைய முடியும்.

வேறு வழியில்லாமல், பீளமேடு ஜெயிக்க வேண்டுமென்று மாகாளியம்மனுக்குத் தேங்காய் உடைத்தார். உள்ளே கன்னங்கரேலென்று அழுகல். கோயில் மரத்துக் காக்கைகள்கூட வாயை மூடிக்கொண்டன.

"ஏனுங்க, சகுனமே செரியில்லீங்க. நம்ம டீமு போச்சுங்க" என்றாள் மனைவி பொற்கொடி.

"சும்மா இரு அம்மணி" என்று அதட்டியவருக்கு உள்ளுக்குள் ஏனோ குளுகுளுவென்று இருந்தது. அதுதான் அவரைப் பயமுறுத்தியது.

மாலையில் மைதானத்தின் மேல் மேகம் கவிந்து நின்றது. சமநிலையில் இருந்த ஆட்டத்தின் கடைசி நிமிடத்தில், சூலூர்க்காரன் அடித்த பந்து பீளமேட்டு வலைக்குள் பாய்ந்தது. பார்க்க வந்திருந்த போத்தனூர் முழுவதும் இழவு வீடுபோல உறைந்து போனது. அந்த அமைதியைக் கிழித்துக்கொண்டு ஒரே ஒரு விசில் பறந்தது.

எல்லாத் தலைகளும் மெல்லத் திரும்பின. தமிழ்வேந்தனின் இரண்டு விரல்களும் இன்னும் வாய்க்குள்தான் இருந்தன.