நாலு ஊர் வெனிலாவோடு தாம்பரத்திலிருந்து சிறுசேரி வரை

இந்தப் பக்கத்தில் நான் எழுதிய பயணங்களிலேயே மிகக் குறைந்த தூரம் இதுதான். மொத்தம் ஐம்பத்து நாலு கிலோமீட்டர். ஆனால் கொடைக்கானலுக்குப் போனபோதுகூட எனக்கு இவ்வளவு படபடப்பு வந்ததில்லை. போன மாதம் ஒரு புதன்கிழமை, பள்ளிக்கூடத்துக்கு லீவு போட்டுவிட்டு (கணக்கு டீச்சர் நான், ஒரு நாள் கணக்கு இல்லாமல் போனால் பிள்ளைகள் கோவித்துக்கொள்ள மாட்டார்கள்), தோழி பிரேமாவோடு ஒரு தெர்மாகோல் பெட்டியைச் சுமந்துகொண்டு கிளம்பினேன்.

பிரேமா ராஜகீழ்ப்பாக்கத்தில் எனக்கு அடுத்த தெரு. பதினோரு வருஷம் சிறுசேரியில் சாஃப்ட்வேர் வேலை பார்த்துவிட்டு, ராஜினாமா செய்து, அதே சிறுசேரியில் பத்துக்குப் பத்தில் ஐஸ்கிரீம் கடை பிடித்திருக்கிறாள். அவள் ஆசை என்ன தெரியுமா? கடையில் வெனிலா மட்டும்தான் விற்பாளாம். மடகாஸ்கர் வெனிலா, மெக்சிகோ வெனிலா, இந்தோனேசியா வெனிலா, நம் ஆனைமலை வெனிலா என்று நாலு ஊர், நாலு ருசி. கேட்டவர்கள் எல்லாம் சொன்னது ஒன்றுதான்: "யாருக்கும்மா வித்தியாசம் தெரியப்போகுது? பேசாம பட்டர்ஸ்காட்ச் போடு." அவள் கணவரும் அதையே சொன்னார். உண்மையைச் சொன்னால் நானும் மனசுக்குள் அதையேதான் நினைத்தேன்.

போர்டு அடிக்கிற சேகர் அண்ணன் புதன்கிழமை சாயங்காலம் ஐந்து மணிக்குள் முடிவைச் சொல்லச் சொல்லிவிட்டார். அதனால் அன்றைக்கே தெரியாதவர்களிடம் கொடுத்துச் சோதித்துவிடுவது என்று தீர்மானித்தோம். சோதனையை வகுத்தது நான். ஒருவருக்கு மூன்று சின்னக் கப். இரண்டில் ஒரே வெனிலா, ஒன்றில் வேறு. எது வேறு என்று கண்டுபிடிக்க வேண்டும். பதினெட்டுப் பேரிடம் கேட்டால், குருட்டாம்போக்கில் சொன்னாலே சுமார் ஆறு பேர் சரியாகச் சொல்லிவிடுவார்கள். அதனால் பன்னிரண்டு பேராவது சரியாகச் சொன்னால் வெனிலா கடை. பதினொன்று என்றால் பட்டர்ஸ்காட்ச். பிரேமா சாமி சத்தியமாக ஒப்புக்கொண்டாள்.

காலை 9.40க்கு ஷேர் ஆட்டோ, ஆளுக்கு இருபது ரூபாய், பெட்டிக்குத் தனியாக இருபது. தாம்பரத்தில் 10.15 செங்கல்பட்டு ரயில், டிக்கெட் பத்து ரூபாய். அந்த நேரத்தில் ஊருக்குள் போகிற வண்டியில்தான் கூட்டம், எதிர்ப்பக்கம் காலாட்டிக்கொண்டு போகலாம். காட்டாங்குளத்தூர் கல்லூரிக்குப் போகிறவர்கள் காட்டாங்குளத்தூர் வரை போகாதீர்கள். அதற்கு முந்தின பொத்தேரியில் இறங்கினால் வாசலே எதிரில் இருக்கிறது. ரயிலில் இருபத்தைந்து நிமிஷம்.

அந்த இருபத்தைந்து நிமிஷமும் பிரேமா எனக்குப் பாடம் எடுத்தாள். வெனிலாக் கொடி எல்லா ஊரிலும் பெரும்பாலும் ஒரே ஜாதிதான், மெக்சிகோதான் பிறந்த வீடு. பச்சைக் காய்க்கு வாசனையே கிடையாதாம்! பறித்து, வெந்நீரில் முக்கி, பகலில் வெயிலில் காயவைத்து, ராத்திரி கம்பளியில் சுற்றி வியர்க்கவிட்டு, வாரக்கணக்கில் பாடுபட்டால்தான் மணம் வரும். மடகாஸ்கரில் நல்ல வெயில், பொறுமையாகக் காய்கிறது, அதனால் வெண்ணெய் மாதிரி உருண்ட ருசி. மெக்சிகோ காயில் லேசாகக் கிராம்பு. இந்தோனேசியாவில் மழை விடாத இடங்களில் விறகுத் தீயில் காயவைக்கிற பழக்கம் உண்டு, அதனால் புகை ஏறிவிடும். மண் பாதி, வானம் பாதி, அந்த ஊர்க்காரர்கள் கை பாதி என்றாள். மூன்று பாதி எப்படி வரும் என்று கேட்க வாயெடுத்து, அவள் முகத்தில் இருந்த சந்தோஷத்தைப் பார்த்து விட்டுவிட்டேன்.

பொத்தேரியில் ஒரு ஜூஸ் கடை அண்ணனிடம் கேட்டுக்கொண்டு ஓரமாக ஒரு ஸ்டூல் போட்டோம். இலவச ஐஸ்கிரீம் என்றதும் மாணவர்கள் மொய்த்துவிட்டார்கள். முதலில் ஆனைமலையை வைத்துத் தொடங்கினோம், நம்ம ஊராயிற்றே. இரண்டு கப் மடகாஸ்கர், ஒரு கப் ஆனைமலை. முதல் பையன் சரியாகக் காட்டினான். இரண்டாவது பெண்ணும் சரி. வரிசையாகப் பன்னிரண்டு பேர், பன்னிரண்டு பேரும் சரி! எனக்குத் தரையில் கால் நிற்கவில்லை. அதுமட்டுமா, எல்லோருக்கும் அந்தக் கப்தான் பிடித்திருந்தது. நான் சும்மா இருப்பேனா? ஆனைமலை அடிவாரம், மூடுபனி, பாக்குத் தோப்பு நிழல், செம்மண் என்று அந்த மண்ணில் உருண்டு புரண்டவள் மாதிரி அளந்துவிட்டேன்.

ஊரப்பாக்கத்திலிருந்து வருகிற ஷாலினி என்ற பெண் ஆனைமலையில் இன்னொரு கப் கேட்டு வாங்கிச் சாப்பிட்டுவிட்டுச் சொன்னாள். "அக்கா, தப்பா எடுத்துக்காதீங்க. இது எங்க பெருமாள் கோயில் தீர்த்தம் மாதிரியே இருக்கு."

பக்கத்திலிருந்த பையன் கத்தினான். "ஆமா மச்சான்! நானும் அதான் யோசிச்சுக்கினே இருந்தேன். பச்சைக் கற்பூரம்!"

நான் திரும்பிப் பார்த்தேன். பிரேமா முகம் வெளுத்துப்போயிருந்தது.

"என்ன பிரேமா?"

"விஜி, மத்த மூணும் போன மாசமே வந்துடுச்சு. ஆனைமலை மட்டும்தான் போன வெள்ளிக்கிழமை வந்துச்சு. கடைக்குன்னு வாங்கின மொத சரக்கு இல்லையா, அதான் பிரிச்சு சாமி அலமாரில வச்சேன்."

"எத்தனை நாள்?"

"திங்கட்கிழமை வரைக்கும். தீர்த்தப்பொடி தட்டுலயே."

மூன்று நாள்! கதவு சாத்திய அலமாரியில், பச்சைக் கற்பூரமும் ஏலக்காயும் சேர்ந்த பொடிக்குப் பக்கத்தில், வெனிலா. நம் வீடுகளில் புதுச் சாவி, புதுப் பத்திரம், முதல் சம்பளம் எது வந்தாலும் முதலில் சாமி காலடிக்குத்தான் போகும். சாவிக்கு மூக்கு கிடையாது, வெனிலாவுக்கு உண்டு. பக்கத்தில் இருப்பதை எல்லாம் இழுத்துக்கொள்ளும். நான் செம்மண், மூடுபனி என்று புகழ்ந்ததெல்லாம் ராஜகீழ்ப்பாக்கத்துப் பெருமாள் பிரசாதம். என் மூக்கு நன்றாகவே உடைந்தது.

சிரிப்பு அடங்கியதும்தான் சோதனைக் கணக்கு நினைவுக்கு வந்தது. பன்னிரண்டு பேரும் கண்டுபிடித்தது கற்பூரத்தை, ஊரை அல்ல. எல்லாம் செல்லாது, பதினெட்டுப் பேரையும் மறுபடி முதலிலிருந்து எண்ண வேண்டும். மணி 12.30. நான் மெதுவாகச் சொன்னேன். "எல்லாருக்கும் பிடிச்சிருக்குல்ல? இதையே ஆனைமலைன்னு போட்டுட்டா யாருக்குத் தெரியும்?"

"எனக்குத் தெரியும்ல," என்றாள் பிரேமா. பெட்டியிலிருந்த ஆனைமலை டப்பாவை அந்தப் பிள்ளைகளிடமே கொடுத்துவிட்டாள். ஒரு நிமிஷத்தில் காலி. எனக்கு வெட்கமாக இருந்தது.

மதியம் பொத்தேரியிலேயே சாப்பிட்டுவிட்டு (அளவுச் சாப்பாடு தொண்ணூறு ரூபாய், ரசம் அருமை), ரயிலில் வண்டலூருக்குத் திரும்பினோம். அங்கிருந்து கேளம்பாக்கத்துக்குப் பஸ் உண்டு, ஆனால் வந்த பஸ்ஸில் பெட்டியோடு ஏற முடியவில்லை. ஐஸ் உருகிக்கொண்டிருந்தது. சிறுசேரி வரை இருபத்து நாலு கிலோமீட்டர், அறுநூற்றைம்பது ரூபாய்க்கு ஆட்டோ பேசினோம்.

"இன்னாக்கா பொட்டில, மீனா?" என்றார் ஆட்டோ அண்ணன்.

"ஐஸ்கிரீம்ண்ணா."

"அப்ப சரி. வண்டில மட்டும் ஊத்திக்கினு வராதீங்க."

மாம்பாக்கம் தாண்டி டீக்கு நிறுத்தினார். பிரேமா அவரிடம் இரண்டு கப் நீட்டினாள், ஒன்று மடகாஸ்கர், ஒன்று இந்தோனேசியா. முதலாவதைச் சாப்பிட்டுத் தலையாட்டினார். இரண்டாவதில் கை நின்றது.

"இன்னாக்கா இது? வெறகு அடுப்புல பால் காச்சுனா ஒரு வாசன வரும்ல, அது மாரி கீது."

பிரேமா என் கையைப் பிடித்த பிடியில் வளையல் உடையாதது ஆச்சரியம். விறகுத் தீ! கடல் கடந்து எங்கோ மழைக்குப் பயந்து யாரோ மூட்டிய நெருப்பை, மாம்பாக்கம் டீக்கடையில் ஒருத்தர் மரக்கரண்டியால் கண்டுபிடித்துவிட்டார். அந்த நிமிஷத்தில் என் சந்தேகமெல்லாம் போய்விட்டது. இவள் ஜெயிக்க வேண்டும் என்று முதல் தடவையாக எனக்கும் ஆசை வந்தது.

3.25க்கு சிறுசேரி. ஐ.டி. பார்க் பக்கம் போவதானால் செவ்வாய், புதன், வியாழன் போங்கள். மற்ற நாளில் பாதிப் பேர் வீட்டிலிருந்தே வேலை பார்க்கிறார்கள். டீக்கடை ஓரம் கழுத்தில் அட்டை தொங்க வந்தவர்களையெல்லாம் மடக்கினோம். சிலருக்கு மெக்சிகோ வேறு கப், சிலருக்கு இந்தோனேசியா. "எல்லாம் ஒண்ணுதான் மேடம்" என்று ஒருவர் சாப்பிடாமலே போய்விட்டார். சாப்பிட்டவர்கள் தடுமாறினார்கள், திரும்பத் திரும்ப நக்கினார்கள், தங்களுக்குள் சண்டை போட்டார்கள். பதினேழு பேர் முடிந்தபோது சரியாகச் சொன்னவர்கள் பதினொன்று. பெட்டியில் இன்னும் ஒருவருக்கு மட்டும்தான் இருந்தது, அதுவும் பாதி உருகி. மணி 4.35.

யாரைக் கூப்பிடுவது என்று எங்களுக்குக் கைகால் ஓடவில்லை. ஷிஃப்ட் முடிந்து டீ குடிக்க வந்த செக்யூரிட்டி அக்கா ஒருவர் தாமாகவே கேட்டார். "எனக்குக் கெடையாதா?"

மூன்று கப்பையும் கொடுத்தோம். ஒரு சுற்று சாப்பிட்டார். கண்ணை மூடிக்கொண்டார். இன்னொரு சுற்று.

"நடுவுல இருக்கறதுதாம்மா வேற. மத்த ரெண்டும் வழுவழுன்னு போயிடுது. இதுல கிராம்பு கடிச்சாப்ல ஒண்ணு நாக்குல நிக்குது."

கப்பைத் திருப்பினேன். அடியில் என் கையெழுத்தில் "மெ". பிரேமா அந்த அக்காவைக் கட்டிப்பிடித்து அழுதுவிட்டாள். அவர், ஐஸ்கிரீமில் ஏதாவது கலந்திருக்கிறதோ என்று என்னைக் கேட்டார்.

அடுத்து நடந்ததைச் சொல்வதற்கு முன், இதே மாதிரி செய்து பார்க்க நினைப்பவர்களுக்குச் சில விஷயம், இல்லாவிட்டால் மறந்துவிடுவேன். பாலும் சர்க்கரையும் எல்லா ஊருக்கும் ஒரே அளவு இருக்கட்டும். ஐஸோடு கல்லுப்பு கலந்தால் ஏழு மணி நேரம் தாங்கும், எட்டு தாங்காது. காபி குடித்த வாயோடு சோதிக்காதீர்கள். ஒவ்வொரு ஊர்க் காயையும் தனித்தனிக் கண்ணாடிக் குழாயில் இறுக மூடி வையுங்கள். சாமிக்குக் காட்டுவதென்றால் குழாயைத் திறக்காமல் காட்டுங்கள், அவருக்குத் தெரியும். வழிச்செலவு எங்கள் இருவருக்கும் சேர்த்து ஆயிரத்தைத் தாண்டவில்லை. நான் இதுவரை எந்த ஊருக்குப் போனாலும் பார்த்துவிட்டு மட்டும் வந்திருக்கிறேன். ஒரு ஊரின் வெயிலும் மழையும் ருசியாக நாக்கில் வந்து உட்காரும் என்பது எனக்கு அன்றைக்குத்தான் புரிந்தது.

4.50க்கு டீக்கடை பெஞ்சில் உட்கார்ந்தபடியே பிரேமா சேகர் அண்ணனுக்குப் போன் போட்டாள். ஸ்பீக்கரில் வைத்தாள்.

"அண்ணா, வெனிலா மட்டும்தான். பட்டர்ஸ்காட்ச் எல்லாம் எடுத்துடுங்க. ஊர்ப் பேரு மூணு எழுதிக்குங்க. மடகாஸ்கர், மெக்சிகோ, இந்தோனேசியா."

"நாலுன்னு சொன்னீங்களே மேடம், நம்ம ஆனைமலை?"

பிரேமா கண்ணைத் துடைத்துக்கொண்டாள்.

"அதுக்குக் கீழ ஒரு வரி எடம் மட்டும் விட்டு வைங்கண்ணா. அது எப்படி இருக்கும்னு எனக்கே இன்னும் தெரியாது."