எரிந்த குச்சியில் ஒரு மண்டபம்

நூலகத்தில் மண்டபத்தை வைத்த அன்று வெங்காய மண்டி முதலாளி இருந்தார், வெள்ளைச் சட்டையில் சந்தன வாசத்தோடு. அவர் வீட்டு அம்மா இருந்தார். கவுன்சிலர் இருந்தார். நூலகர் இருந்தார், கையில் அலமாரிச் சாவி. போட்டோ பிடிக்கிறவர் ஒருவர். மண்டபத்தைத் தூக்கி வந்த மண்டி லோடுமேன்கள் இரண்டு பேர், அவர்கள் மேல் வெங்காய வாசம். அம்மா இருந்தாள். நான் இருந்தேன். அப்பா இல்லை. நூலகம் மாடியில். மாவுக்கட்டுக் காலோடு அவரால் ஏற முடியாது. கீழே டீக்கடை பெஞ்சில் காலை நீட்டி உட்கார்ந்திருந்தார்.

மண்டபத்தைச் செய்தது அப்பா.

சிம்மக்கல்லில் அப்பா லோடுமேன். மூட்டைகளை ஆள் உயரத்துக்கு மேல் அடுக்குவதை "அட்டி" என்பார்கள். ஒருநாள் அட்டி சரிந்து தொடை எலும்பு போனது. வைத்தியச் செலவை முதலாளி பார்த்தார். அதைக் குறை சொல்ல மாட்டேன். அப்பா மாதக்கணக்கில் படுத்துக் கிடந்தார். நான் அப்போது ஐந்தாம் வகுப்பு, முழுப்பரீட்சை லீவு. டீக்கடை வாசலில் பீடி பற்றவைத்துப் போட்ட தீக்குச்சிகளைப் பொறுக்கி வரச் சொன்னார். எதற்கு என்று சொல்லவில்லை. பாவாடையில் கட்டிக் கொண்டுவந்து கொட்டினேன்.

தெப்பக்குளத்து மைய மண்டபத்தை அவர் படுத்தபடியே கட்டினார். வயிற்றின் மேல் பலகையை வைத்துக்கொண்டு, மைதாப் பசையில் பூச்சி அரிக்காமல் இருக்க மயில்துத்தம் கலந்து, ஒரு குச்சியை ஒட்டினால் அது காயும் வரை அதையே பார்த்துக்கொண்டிருப்பார். எரிந்த முனையை வெட்டி எறியவில்லை. அதைக் கீழ்ப்பக்கமாக வைத்தார். அதனால் தூண்களுக்கெல்லாம் அடி கறுத்திருக்கும், தண்ணீர்ப் பாசி ஏறிய மாதிரி.

"படுத்துக்கெடக்குற மனுசனுக்கு மண்டபம் கேக்குது" என்பாள் அம்மா. ஆனால் பசை காய்ச்சிக் கொடுத்தது அவள்தான்.

பார்க்க வந்த முதலாளிக்கு அது பிடித்துப்போனது. நூலகத்தில் கண்ணாடி அலமாரி வைத்திருக்கிறார்கள், ஊர்க் கைவேலைகளைச் சேர்த்து நிரந்தரமாக வைக்கப் போகிறார்கள், அங்கே கொடுப்போம் என்றார். அப்பாவும் சரி என்றார். கொட்டாம்பட்டிப் பக்கத்து மண்குதிரை, சட்டம் போட்ட சுங்குடித் துணி, மரக்கிளி, ஓலைப்பெட்டி, கண்ணாடியில் வரைந்த படம் என்று எங்கள் மண்டபத்தோடு சேர்த்து அலமாரியில் பதினேழு பொருள்கள்.

மண்டபத்தின் அடியில் ஒரு அட்டை வைத்தார்கள். "உபயம்" என்று போட்டு முதலாளி பெயர். அதற்குக் கீழே ஒன்றும் இல்லை.

நான் கீழே ஓடிப்போய் அப்பாவிடம் சொன்னேன். முதலாளி இறங்கி வந்தபோது அப்பா கேட்டார். சண்டையாக இல்லை, டீ குடித்துக்கொண்டே.

"முதலாளி, அட்டையில எம்பேரு இல்லையாம்ல."

"யோவ் கருப்பையா, கொடுக்கிறவன் பேருதான்யா போடுவாங்க. கோயில் டியூப்லைட்டப் பாரு. உபயம் எழுதியிருப்பாங்க. செஞ்சவன் பேரா எழுதியிருக்கு?"

"கம்பெனி பேரும் இருக்கும் முதலாளி. ஓரத்துல, சின்னதா. அம்புட்டுப் போதும்."

முதலாளி சிரித்தார். கவுன்சிலரும் சிரித்தார். "போட்டுரலாம், போட்டுரலாம்" என்று காரில் ஏறிவிட்டார்கள்.

கட்டுப் பிரித்ததும் அப்பா நடந்தார். ஒரு கால் கொஞ்சம் குட்டை, அவ்வளவுதான். மாடி ஏற முடியாத கால் இல்லை அது. "வாப்பா, போய்ப் பாத்துட்டு வருவோம்" என்று அம்மா சொன்னபடி நான் கூப்பிட்டேன்.

"எம்பேரு மேல ஏறட்டும். நானும் ஏறி வாரேன்" என்றார்.

அந்த ஒரு சொல்லில் நின்றார். இன்றுவரை ஏறவில்லை.

கேட்காமல் இருந்தேன் என்று இல்லை. பள்ளிக்கூடத்தை எட்டாவதோடு விட்டேன். நூலகத்துக்குப் போவதை விடவில்லை. படிக்க இல்லை, கேட்க. முதல் நூலகர், "கொடுத்தவரு வந்து சொல்லட்டும்மா" என்றார். முதலாளியிடம் போனால், "நான்தான் அன்னைக்கே சரின்னு சொல்லிட்டேனே" என்றார். அதைப் போய்ச் சொன்னால், சொன்னால் போதாது, எழுதித் தர வேண்டும் என்றார்கள். எழுதித் தருவதற்குள் முதலாளி காலமாகிவிட்டார். மகனைப் பார்த்தேன். "அப்பா கொடுத்ததுல நான் எப்படிக்கா கை வைக்கிறது?" என்றார். மரியாதையாகத்தான் சொன்னார். அடுத்து வந்த நூலகர் அம்மா, "இது நிரந்தரச் சேகரிப்பு. வச்சது வச்சபடி இருக்கணும்" என்றார். பொருளைத் தொட வேண்டாம், அட்டையில் ஓரமாக ஒரு பெயர் என்றேன். அட்டையும் சேகரிப்புதான் என்றார். யாரும் முடியாது என்று அடித்துப் பேசவில்லை. அப்படிப் பேசியிருந்தால் திட்டிவிட்டாவது வந்திருப்பேன்.

இப்போது மாட்டுத்தாவணிப் பூச்சந்தையில் பூக் கட்டுகிறேன். அங்கே வந்த பேச்சு இது. நூலகத்துக்கு வெள்ளையடித்து, அலமாரியைத் துடைத்து, எல்லாப் பொருளுக்கும் புது அட்டை போட்டிருக்கிறார்கள் என்று. அப்பாவிடம் சொன்னேன். சலவைச் சட்டையை எடுத்துப் போட்டுக்கொண்டார்.

ஆட்டோவில் போனோம். சிம்மக்கல்லில் மண்டி இப்போது இல்லை. நூலகத்துக்குக் கீழே டீக்கடையும் இல்லை, பெஞ்சும் இல்லை. அந்த இடத்தில் செல்போன் கவர் விற்கிறார்கள். கடைப் பையன் நாற்காலி கொடுத்தான். அப்பா உட்கார்ந்தார். "நீ பாத்துட்டு வா தாயி" என்றார்.

மேலே போனேன். மண்டபம் இருந்தது. ஒரு தூண் சாய்ந்திருந்தது. அட்டை புதுசு, பளபளவென்று, கம்ப்யூட்டர் எழுத்து. உபயம், முதலாளி பெயர். கீழே ஓரத்தில் சின்னதாக ஏதோ இருந்தது. குனிந்து படித்தேன்.

அட்டை அச்சடித்த அச்சகத்தின் பெயர்.

இறங்கி வந்தேன்.

"எழுதிட்டாங்களா?"

"இல்லப்பா."

"ஓரத்துல பாத்தியா?"

"பாத்தேன். அட்டை அடிச்ச அச்சகத்துக்காரன் பேரு."

அப்பா, "வெவரமானவன்" என்றார். பிறகு, "மத்ததுல? குதிரை செஞ்ச ஆளு பேரு இருக்கா?"

எனக்குத் தெரியவில்லை. இத்தனை வருடம் போயும் நான் ஒரு அட்டையைத்தான் படித்திருக்கிறேன்.

மறுபடி ஏறினேன். குதிரையில் ஆரம்பித்தேன். சுங்குடி, மரக்கிளி, ஓலைப்பெட்டி, ஒவ்வொன்றாகக் குனிந்து, ஓரம்வரை படித்தேன். நூலகர் என்னவென்று கேட்டார். அட்டை படிக்கிறேன் என்றேன். இறங்கி வந்தேன்.

"எம்புட்டுல போடல?" என்றார் அப்பா.

"பதினேழுலயும்ப்பா."